ஞாயிற்றுக்கிழமை சுடக் கூடாது

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைதான் படித்தவன். சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் பேக்டரியின் கேட்டில் வேலை செய்கிறேன். சீசன் வந்துவிட்டால் மாங்காய் லாரிகள் மெயின் ரோடு வரைக்கும் நிற்கும். ஒவ்வொன்றாக உள்ளே விடுவதும், காலியான வண்டியை வெளியே அனுப்புவதும் என் வேலை. அப்படிப்பட்ட என்னைப் பாலைவனத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் என் மகள்.

அவள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை லேப்டாப்போடு வீட்டுக்கு வருவாள். அதில் ஒரு யுத்த விளையாட்டு. எங்கே பார்த்தாலும் மணல், நடுவில் கிணறு உள்ள ஒரு ஊர். ஊர் எதிரியின் கையில் இருக்கிறது. நம்மிடம் டாங்கிகளும், அவற்றுக்கு டீசல் கொண்டு போகும் லாரிகளும் உண்டு. ஒரு முறை நாம் நகர்த்தினால் மறுமுறை எதிரி நகர்த்துவான். மணல் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும்; ஒரு கட்டத்துக்குள் ஒரு வண்டிதான் நிற்கலாம். விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் அந்த ஊரை எங்களால் பிடிக்கவே முடியவில்லை.

அந்த வாரம் மகள் அவள் அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். பரீட்சை வருகிறது, அதனால் திங்கட்கிழமை பஸ் ஏறுவதற்கு முன் விளையாட்டை லேப்டாப்பிலிருந்து எடுத்துவிடுவாள். ஊரைப் பிடிப்பதென்றால் அதற்குள் பிடித்தாக வேண்டும்.

“புடிக்காம போனா, பரீட்சை பேப்பர்லயும் அந்தக் கிணறுதான் தெரியும் நைனா” என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தாக்கினோம். ஊருக்குப் போக ஒரே வழி, இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுக்கமான ரோடு. நான்தான் திட்டம் போட்டேன். முன்னால் டாங்கிகள், அவற்றின் பின்னாலேயே ஒட்டி ஒட்டி டீசல் லாரிகள். கேட்டில் நின்று கத்துவதுபோல, “பத, பத!” என்று தெலுங்கில் விரட்டினேன். முதல் டாங்கிக்கு அடி விழுந்தது. பின்னுக்கு இழுத்துப் பழுது பார்க்கலாம் என்றால் பின்னால் லாரி. அதன் பின்னால் இன்னொரு லாரி. இரண்டு பக்கமும் மலை. எதிரி நிதானமாக ஒவ்வொன்றாக அடித்தான்.

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“இன்னா நைனா, தினமும் லாரிக்காரன திட்டிக்கினு இருக்கற. இங்க நீயே ஜாம் பண்ணிட்ட!”

“டீசல் தீந்துட்டா இன்னா பண்றது? அதான் பக்கத்துலயே வெச்சேன்.”

“வெச்ச, வெச்ச. எதிரிக்குப் பந்தி வெச்ச.”

மறுபடியும் ஆரம்பிப்பதற்குள் குடும்ப ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, மகள் மெதுவாக லேப்டாப்பைத் திறந்தாள். என் மனைவி சமையற்கட்டிலிருந்தே பார்த்துவிட்டாள்.

“மூடு. ஞாயித்துக்கிழமை இந்த வீட்ல யுத்தம் கிடையாது.”

“அம்மா, நாளைக்குக் காலைல பஸ்ஸு!”

“எதிரிக்கும் ஞாயித்துக்கிழமதான? அவனும் துன்னுட்டுத் தூங்கட்டும்.”

“யோசிச்சிக்கினாவது இருக்கலாமா?” என்று நான் கேட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “யோசிக்கலாம். சுடக் கூடாது.” சொல்லிவிட்டு லேப்டாப்பை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஆகவே பாயில் போட்டோம் பாலைவனத்தை. சுருட்டிய இரண்டு துண்டுகள் மலைகள். கவிழ்த்த டம்ளர் ஊர். புளியங்கொட்டைகள் டாங்கிகள். அவித்த வேர்க்கடலைகள் லாரிகள். பழையபடியே ரோட்டில் வரிசையாக அடுக்கி, எங்கே தப்பு என்று இரண்டு பேரும் முட்டிபோட்டுப் பார்த்தோம். என் மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரியின் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று மகள் ஸ்கேலால் அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தால் ரோட்டில் கொட்டைகள் மட்டும் இருந்தன.

“லாரிங்க எங்க?”

“எந்த லாரி? கடலையா? துன்னுட்டேன்” என்றாள் என் மனைவி.

சிரிக்க வாய் திறந்த மகள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். முன்னால் இருந்த கொட்டையை விரலால் பின்னுக்கு இழுத்தாள். தடையில்லாமல் மலைக்கு வெளியே வந்தது. அடுத்ததை முன்னே தள்ளினாள்.

“நைனா, பாரு. ரோடு காலி. அடிபட்டது வரும், நல்லது போகும்.”

“டீசல்?”

“லாரி மலைக்கு வெளியவே நிக்கட்டும். டாங்கி வந்து குடிச்சிட்டுப் போகட்டும்.”

மிச்சமிருந்த கடலைகளை எடுத்து மலைக்கு வெளியே வைத்தோம். என் மனைவியின் கை அங்கேயும் நீண்டது.

“அம்மா! அது நம்ம டீசல்!”

“நான் யுத்தத்துக்கு ஒண்ணும் உதவி பண்ணல. சொல்லிட்டேன்” என்று அவள் உரித்த தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை பால் வருவதற்கு முன்னாலேயே பீரோ திறந்தது. பாயில் செய்தபடியே செய்தோம். அடிபட்ட டாங்கி பின்னுக்கு வந்தது, அடுத்தது முன்னே போனது. எதிரியின் பீரங்கிகள் ஒவ்வொன்றாக அடங்கின. “பத, பத” என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். மகள் பாதி பின்னிய சடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் நகர்த்தினாள். “பஸ்ஸு போயிடும்!” என்று உள்ளிருந்து சத்தம் வந்தபோது, எங்கள் கடைசி டாங்கி கிணற்றடியில் போய் நின்றது. அதில் சொட்டு டீசல் இல்லை. ஆனாலும் ஊர் எங்களுடையது.

நான் எழுந்து நின்று கை தட்டினேன். என் மனைவி டிபன் டப்பாவோடு வந்து எட்டிப் பார்த்து, “இந்தத் துளியூண்டு ஊருக்கா இவ்ளோ?” என்றாள். மகள் சொன்னபடி அங்கேயே விளையாட்டை எடுத்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டாள். நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன்.

கேட்டுக்கு வந்து, வரிசையில் முட்டிக்கொண்டிருந்த லாரிகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னேன். டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். அப்போது போன் வந்தது.

“நைனா, சந்திரகிரி வந்துட்டேன். ஜன்னல்ல கோட்ட தெரியுது. இத எந்தப் பக்கமா புடிக்கலாம்?”

“புக்க எடுத்துப் படி” என்றேன். மனசு கேட்கவில்லை. “மலை பின்னால வழி இருக்குதா, பாரு” என்றும் சொன்னேன்.