மாமாவுக்காகப் பிடித்துவைத்த இடம்

மாமாவுக்கு அரசாங்கத்தில் ஒரு வேலை வேண்டும் என்பது மேலகரத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். குற்றாலத்தில் சாரல் விழுந்து சீசன் தொடங்கிவிட்டால், மெயின் அருவிக்குப் போகிற வழியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு எண்ணெய் மசாஜ் செய்வார். எண்ணெய்ப் பளபளப்போடு அவர் கையிலிருந்து எழுந்து போகிறவர்கள் அப்படியே அருவிக்கடியில் போய் நிற்பார்கள். ஆவணி முடிவதற்குள் கூட்டம் வடிந்துவிடும். அதற்குப் பிறகு செங்கல் சூளை, கல்யாணப் பந்தல், லாட்ஜுக்கு வெள்ளையடிப்பது என்று எது கிடைத்தாலும் போவார். எதுவும் கிடைக்காத நாட்களில் வாசலில் உட்கார்ந்து தன்னுடைய உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். ஆனால் அது பிற்பாடு. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில், மாமாவின் எட்டாம் வகுப்புப் பாஸ்தான் எங்கள் வீட்டுப் படிப்பின் உச்சி. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அப்பாவுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த எட்டாம் வகுப்பை வைத்து மாமா வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்திருந்தார். பதிந்துவைத்தால் வரிசைப்படி நேர்முகத் தேர்வுக்குக் கார்டு அனுப்புவார்கள். ஏதாவது ஓர் அரசு விடுதியில் வாட்ச்மேன் வேலை கிடைக்கும் என்பது கணக்கு. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். வெறும் உடம்போடு அரசாங்கத்தின் கடிதத்தை வாங்கக் கூடாது என்று அவருக்கு ஒரு மரியாதை.

வீரகேரளம்புதூரில் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். மாமாவுக்கும் பிடித்திருந்தது, அந்த அக்காவுக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் ஒரே ஒரு சந்தேகம்.

“சீசன் முடிஞ்சா மாப்பிள்ளை என்ன செய்வாரு?” என்று கேட்டார்.

“எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சிருக்கான் அண்ணாச்சி. எப்ப வேணும்னாலும் கார்டு வந்திரும்” என்றாள் அம்மா.

“வரட்டும் தாயி. வந்த பொறவு தேதி பாப்போம். மத்தவன் முதுகைத் தேய்க்கவனுக்குப் பொண்ணைக் குடுத்தான்னு நாளைக்கு எவனும் சொல்லிறக் கூடாதுல்லா.”

மாமா தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்து முடித்தார். திரும்பி வரும்போது பேருந்தின் ஜன்னல் ஓரத்தை எனக்குத் தரவில்லை. ஊர் மறையும் வரை அவரே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கோடை விடுமுறையில்தான், ஆய்க்குடியில் இருந்த அவருடைய பள்ளிக்கூடத்துச் சேக்காளிக்குக் கார்டு வந்துவிட்டதாகச் சேதி வந்தது. அதே எட்டாம் வகுப்பு. அதுவும் மாமாவுக்குப் பின்னால் பதிந்தவர். மாமா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பேன்ட் போட்டுக்கொண்டு கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டார். போர்டு எதுவும் இங்கிலீஷில் இருந்தால் வாசிப்பதற்கு.

தென்காசியில் ஒரு வாடகைக் கட்டிடத்தின் மாடியில் அப்போது அந்த ஆபீஸின் கிளை ஒன்று இருந்தது. நான் வாசிக்கும்படி ஒரே ஒரு போர்டுதான் இருந்தது. அதுவும் தமிழில், ‘எச்சில் துப்பாதீர்’ என்று. வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும் மாமா தன் அடையாள அட்டையை நீட்டினார். எப்படி மடித்துப் பத்திரப்படுத்தினாலும் அவர் கைபட்டால் எதிலும் எண்ணெய் ஏறிவிடும். கவுன்டரில் இருந்த கிளார்க் அதை இரண்டு விரலால் தூக்கினார்.

“என்னப்பா இது, வடை பொதிஞ்சு கொண்டுவந்தியா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிளார்க் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, பெயர் இல்லை என்றார்.

“போன வருசந்தான் புதுப்பிச்சேன் சார். பின்னால சீல் இருக்கு பாருங்க.”

“சீல் இருக்கு. பேரு இல்லையே.”

“அது எப்படி சார்?”

“பழைய ரிஜிஸ்டர்ல இருந்து ஏத்தும்போது விட்டிருப்பாங்க. புதுசாப் பதிஞ்சிட்டுப் போ. இன்னைக்குத் தேதியில இருந்து சீனியாரிட்டி.”

“அப்பம், இத்தன வருசம் காத்துக் கெடந்தது?”

“நானா காத்துக் கெடக்கச் சொன்னேன்?”

அந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஹெல்மெட்டும் கையுமாக ஒரு பையன் வந்தான். அவனுக்கும் அதே கோளாறுதான், கம்ப்யூட்டரில் பெயர் விட்டுப்போயிருந்தது. கிளார்க் எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டி இறக்கினார். பெயரைக் கண்டுபிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அவன் டீ குடித்துவிட்டுப் போனான். மாமா இதையெல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ரிஜிஸ்டர் கீழதான இருக்கு. எனக்கும் ஒருவாட்டி பாத்துருங்க.”

“அவரு பெரிய சாருக்கு வேண்டியவரு” என்றார் கிளார்க், ரிஜிஸ்டரை மூடிக்கொண்டே. “நீ யாருக்கு வேண்டியவன்?”

மாமா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும் என்பதுபோல அவர் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, “வா மருமவனே” என்றார். படியிறங்கும்போது எனக்குச் சர்பத் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். அவர் குடிக்கவில்லை.

இப்போது எனக்கும் ஒரு பதிவு எண் இருக்கிறது. கைபேசியிலேயே புதுப்பித்துக்கொள்கிறேன். வடை பொதிந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. யாரும் கூப்பிடுவதுமில்லை.

அந்த வருடம் சீசன் நன்றாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மாமாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, பருத்த ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். சுற்றிலும் துண்டு கட்டிய நாலைந்து விருந்தாளிகள். சீசன் சமயத்தில் தென்காசிக்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். விருந்தாளிகளில் ஒருவர் விளையாட்டாக, “பாத்துத் தேய்டே, ஆளு யாருன்னு நெனச்ச? வேலை குடுக்குற ஆபீஸ்ல பெரிய சார்” என்றார்.

மாமாவின் கை நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாக, கோயில் சிலைக்குச் சந்தனக் காப்புச் சார்த்துவது மாதிரி நகர்ந்தது. கழுத்து, தோள்பட்டை, விலா என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அடுத்தாற்போல் காத்திருந்த ஆள் பொறுமையிழந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். கடைசியில்தான் மாமாவுக்கு வாய் வந்தது. பெயர் விட்டுப்போனதையும் பழைய ரிஜிஸ்டரில் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதையும் அந்த முதுகிடம் சொன்னார்.

முதுகு கண்ணைத் திறக்காமல் சொன்னது: “இதெல்லாம் ஒரு விசயமாடே? நாளைக்கே ஆபீஸுக்கு வா. நேரா என்னைய வந்து பாரு.” பிறகு எழுந்து உட்கார்ந்து, விருந்தாளிகளிடம், “கையா இது! எனக்கு ரொம்ப வேண்டிய பையன்” என்றார்.

மாமா அவரிடம் காசு வாங்கவில்லை. அவர் அருவிக்குப் போய்த் திரும்பும் வரை அவருடைய செருப்புப் பக்கத்திலேயே நின்றார்.

அன்று வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது. அம்மா சட்டையைத் துவைத்து அடுப்பு வெக்கையில் உலர்த்தினாள். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் வேறு எப்படியும் துணி காயாது. மாமா சீயக்காயைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வீரகேரளம்புதூருக்குச் சொல்லியனுப்பலாமா என்று அம்மா கேட்டதற்கு, “சாயங்காலம் நானே போய்ச் சொல்லிக்கிடுதேன்” என்றார்.

எனக்கு வேறொரு கவலை. அருவிக்கரையில் மசாஜ் செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சீசன் தொடக்கத்தில் எவர் எங்கே எண்ணெய்ப் பாட்டிலை வைத்தாரோ அது அவர் இடம். ஒரு நாள் ஆள் வராமல் கிடந்தால், அடுத்தவர் உட்கார்ந்துவிடலாம், கேட்க முடியாது. காய்ச்சல் என்றால்கூட வீட்டிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்து இடத்தைக் காப்பார்கள். மாமாவின் இடம் படி இறங்கியதுமே இருந்தது. அருவிக்குப் போகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்தை மாமா அந்த அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. புத்தகப் பைக்கட்டோடு நேரே குற்றாலத்துக்கு நடந்தேன். நினைத்தது சரியாகப் போயிற்று. மாமாவின் இடத்தில் ஓர் இளவட்டம் சாக்கை விரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தது மாமாவின் எண்ணெய்ப் பாட்டில். நான் போய் அந்தச் சாக்கின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“ஏலே, எந்தி. யாரு நீ?”

“இது எங்க மாமா இடம்.”

“ஒங்க மாமாதாம்லே என்னைய இங்கன இருக்கச் சொன்னாரு. காலையில வந்து பாட்டிலையும் குடுத்துட்டு, இனி எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டுப் போறாரு.”

இப்படி ஒரு பொய்யை நான் கேட்டதேயில்லை. குற்றாலத்திலேயே நல்ல இடத்தை எவனாவது சும்மா கொடுப்பானா? நான் இரண்டு கையாலும் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டேன். அவன் என் காலைப் பிடித்து இழுத்தான். கம்பியோடு சேர்த்துத்தான் இழுக்க வேண்டும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டான். பக்கத்து இடத்து அண்ணாச்சி, மாமாவைவிட ரொம்ப மூத்தவர், வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

“சின்னப் பயலோட மல்லுக்கு நிக்காதலே. சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும். அவன் மாமன் வந்து என்ன சொல்லுதான்னு பாப்போம்.”

நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். படியிறங்கி வந்தவர்கள், “முதலாளி நீங்கதானா? தேய்ச்சு விடுவீங்களா?” என்று கேலி செய்தார்கள். அந்த இளவட்டம்கூடக் கோபம் தணிந்து பாதி வடையைக் கொடுத்தான். நான் வாங்கவில்லை. லஞ்சம் என்று நினைத்தேன்.

அதே நேரத்தில் மாமாவுக்கு ஆபீஸில் நடந்ததை அவர் பல வருடம் கழித்து அம்மாவிடம் நடித்துக்காட்டியபோதுதான் அறிந்தேன். அவரே கிளார்க்காகவும் அவரே பெரிய சாராகவும் நடிப்பார். நாங்கள் சிரிப்போம். கவுன்டரில் நிமிர்ந்து நின்று, “நான் பெரிய சாருக்கு வேண்டியவன்” என்றிருக்கிறார். கிளார்க் பயந்துபோய் நாற்காலி போட்டிருக்கிறார். நெடுநேரம் கழித்து உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். பெரிய சார் அவரை ஏறிட்டுப் பார்த்து, “யாருப்பா நீ?” என்று கேட்டாராம்.

“நேத்து அருவியில, சார்…”

எதிரே கோட் போட்ட யாரோ இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். “எதுன்னாலும் கவுன்டர்ல கேளுப்பா” என்று சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாராம். கவுன்டரில் அந்த நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

மாமா படியில் தெரிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெள்ளைச் சட்டை சாரலில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போகாமல், வீரகேரளம்புதூருக்கும் போகாமல், ஏன் நேரே இங்கே வந்தார் என்று எனக்குத் தெரியாது. பாதிப் படியில் என்னைப் பார்த்துவிட்டார். நான் கையை உயர்த்தி, “விடலையே மாமா! இவன் எம்புட்டோ சொன்னான், நான் எந்திரிக்கவேயில்லை” என்றேன்.

அவர் அப்படியே நின்றார். மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. எண்ணெய் பூசிக்கொண்டவர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி, தன்னுடைய துண்டைத் தேவையில்லாமல் உதறினார். அந்த இளவட்டம் பாட்டிலை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் சாக்கைச் சுருட்டினான். ஒரு நாள் முழுக்க நான் போராடியது இவ்வளவு லேசாக முடிந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மாமா இறங்கி வந்தார். சட்டையைக் கழற்றி நாலாக மடித்து என் பைக்கட்டில் வைத்தார்.

“நல்லாக் காத்த மருமவனே” என்றார். “எந்தி. ஆளு வருது.”

வேலை கிடைக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால், இடமாவது மிஞ்சியதே என்று ஒரு மனிதர் ஏன் சந்தோஷப்படவில்லை, நான் காத்துக்கொடுத்ததைப் பார்த்து அவர் கண் ஏன் அப்படிக் கலங்கியது என்பது எனக்கு விளங்கவில்லை. சாரல்தான் என்று எண்ணிக்கொண்டேன். எழுந்திருக்கப் பார்த்தால் கால் இரண்டும் மரத்துக் கிடந்தன. மாமா கையை நீட்டினார். நான் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவருக்கு இடம் விட்டேன்.