தோன் அபுந்தியோவின் நுரை

எங்கள் ஊர் சான் ரோக்கேயில் தோன் அபுந்தியோ பார்க்காத வேலையில்லை. எதிலும் நிலைத்ததும் இல்லை. காப்பித் தோட்டக் காவலுக்குப் போனார். அவருடைய செருப்பே களவுபோனது. கோயில் மணியடிக்கப் போனார். சாவுக்குக் கல்யாண மணியை அடித்தார். ஐம்பத்தாறு வயதில்தான் தலையில் ஒரு தொப்பி ஏறியது. தலைநகர் கீத்தோவிலிருந்து வந்த பூஞ்சை ஆராய்ச்சி டாக்டர் நிவேஸ் கொடுத்தது.

வேலை இதுதான். ஓடையில் விழும் இலைகளைத் தின்று வாழும் பூஞ்சைகளின் வித்துகள் நுரையில் சிக்கிக்கொள்ளும். சனிக்கிழமை காலை ஓடைப் பாறையடியில் தேங்கும் அந்த நுரையைக் குப்பியில் வழித்து, கெடாமலிருக்க நாலு சொட்டு மருந்து விட்டு, மதிய பஸ்ஸில் கீத்தோவுக்கு அனுப்ப வேண்டும். உலகத்தில் எந்த ஓடையில் எத்தனை வகை என்று கணக்கெடுக்கிறார்களாம். குளிர்நாட்டு ஓடைகள் பட்டியலில் வரிசைகட்டி நிற்கின்றன. எங்கள் பக்கம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். படித்தவர்கள் அப்படித்தான்.

அபுந்தியோ பால்போல வெள்ளை நுரையைக் குப்பி குப்பியாய் அனுப்பினார். ஆறாவது வாரம் டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார்.

"தோன் அபுந்தியோ, உங்க குப்பில ஒரு பூஞ்சையும் இல்ல. வாசனை மட்டும் பிரமாதம். எலுமிச்சை."

ஞாயிறு பூசைக்காக ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் துணி துவைப்பது சனிக்கிழமை காலை, அதே பாறைக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீர் வரும் பக்கம்தான். ஆறு வாரமும் அவர்களுடைய சோப்பைத்தான் விஞ்ஞானத்துக்கு அனுப்பியிருந்தார்.

"வர்ற சனிக்கிழமை கடைசி. அப்பவும் ஒண்ணுமில்லன்னா உங்க ஓடையக் கணக்கெடுக்குற பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க."

அபுந்தியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் குப்பிக்கூடை தூக்கும் பையன் நான்; அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு கெட்டுப்போனது.

துவைக்கும் கூட்டத்துக்குத் தலைவி தோன்யா சோய்லா. அவர் மகளுக்கு ஞானத்தகப்பன் அபுந்தியோ; அந்த உறவில் இவர் அவரைக் கொமாத்ரே என்பார், அவர் இவரைக் கொம்பாத்ரே என்பார். நேரே அவரிடம் போய்க் கெஞ்சினார்.

"கொமாத்ரே, ஒரே ஒரு தடவ. வெள்ளிக்கிழமையே துவைச்சிடக் கூடாதா?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பிள்ளைங்க மறுபடி பன்னியாட்டம் ஆயிடுங்க, கொம்பாத்ரே. உங்க பூஞ்சைக்காக அழுக்குச் சட்டையோட சாமிகிட்ட போகணுமா?"

"பூஞ்சையையும் சாமிதானே படைச்சாரு."

"படைச்சாரு. பூசைக்குக் கூப்பிடல."

வெள்ளிக்கிழமை மாலை ஊரே ஜெபமாலைக்குப் போயிருந்தது. மறுநாள் காலை எந்த வீட்டிலும் சோப்பு இல்லை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி திருடி என்றார்கள். ஓடையில் துணி இறங்கவில்லை. பாறையடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நுரை மட்டும், கிழட்டு நாயின் எச்சில் மாதிரி.

"இத அனுப்பினா மானம் போயிடுமேடா," என்றார் அபுந்தியோ என்னிடம்.

"அழுக்கா இருந்தாத்தான் உயிர் இருக்கும், தோன் அபுந்தியோ. உங்களையே பாருங்க."

ஞாயிறு பூசையில் சாமியார் புனித ரோக்கே சிலையின் மேலங்கியைச் சரிசெய்யப் போனார். பதினேழு கட்டி சோப்பு உருண்டு விழுந்தது.

"நம்ம ஓடைக்காகப் புனிதரே ஒளிச்சு வெச்சிருக்காரு," என்று அபுந்தியோ மண்டியிட்டார். தோன்யா சோய்லா புனிதரைப் பார்க்கவில்லை; வெள்ளிக்கிழமை ஜெபமாலைக்கு வராத என்னைப் பார்த்தார்.

அந்த வாரமே முடிவு வந்தது. முப்பத்தொரு வகை, அதில் இரண்டுக்கு டாக்டருக்கே பெயர் தெரியவில்லை. அபுந்தியோ இப்போது தொப்பியோடுதான் குளிக்கிறார். தோன்யா சோய்லா யாருக்கும் காரணம் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் மதிய பஸ் கிளம்பிப் போன பிறகுதான் துணிமூட்டையைத் தூக்குகிறார். மற்ற பெண்களும் அவர் பின்னால் போகிறார்கள். சோப்பைத் தூக்கி வருவது மட்டும் என் வேலை என்று சொல்லிவிட்டார்.