ஏழாம் எண் சட்டை

அறுபதுகளில் கடலூர், சிதம்பரம் பெண்கள் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நான்தான் ஸ்கோர் எழுதுவேன். தேதி, எதிரணி, யாருக்கு எத்தனை புள்ளி என்று எல்லாம் என் நோட்டில் இருக்கும். ஒரே ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுத்த பெண் மட்டும் அதில் இல்லை.

சிதம்பரத்தில் ஒரு சாயங்காலம் கடலூர் அணியின் ஜமீலா அதையும் எடுத்துவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் மைதானம் முழுக்கக் கேட்கும்படி "முப்பது!" என்று கத்தினேன். சிவப்பு மையால் எழுதியும் விட்டேன்.

ஜமீலா என் மேசைக்கு வந்தாள். "அண்ணே, எனக்கு இருபத்தெட்டுதான்."

"ஏழாம் நம்பர் முப்பதும்மா. நீயே எண்ணிப் பாரு."

"நடுவுல முட்டில அடிபட்டு நான் வெளிய உக்காந்தேன்ல? அப்ப என் சட்டையத்தான் சரோஜா மாட்டிக்கிட்டு ஆடுனா. நம்மகிட்ட ஏது ஜாஸ்தி சட்டை? அதுல ஒரு கூடை அவ போட்டது. நீங்க மூஞ்சியப் பாக்கவே மாட்டீங்களா?"

உண்மைதான், நான் எண்ணை மட்டுமே பார்த்திருந்தேன். ஆனாலும் முப்பதை விட மனம் வரவில்லை. "யாருக்கும் தெரியாது, விடும்மா" என்றேன். இதை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது.

"சரோஜாவுக்குத் தெரியுமே! அவ போட்ட மொத கூடைண்ணே அது. எனக்கு இன்னா, அடுத்த மேட்ச்ல முப்பது அடிச்சிட்டுப் போறேன்."

அடித்துத் திருத்தினேன். சரோஜா எட்டிப் பார்த்து, தன் பெயருக்கு எதிரே இருந்த இரண்டை விரலால் தொட்டுச் சிரித்தாள். மை காய்ந்திருக்கவில்லை. விரல் சிவந்துவிட்டது.

ஜமீலா அதன் பிறகு முப்பதைத் தொடவேயில்லை. நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதைப் புரட்டும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, கொஞ்சம் கலைந்திருக்கும் அந்தச் சிவப்பு இரண்டைத்தான்.