சமப்படுத்திய எட்டு சென்ட்

ராமுத்தாய் திருப்பூர் நல்லூரில் ஒரு லைன் வீட்டில் பதினோரு வருடம் குடியிருந்தவள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, கல்யாணமான மறுமாதமே கணவன் மூக்கையாவோடு திருப்பூருக்கு வந்துவிட்டாள். அவன் ஓவர்லாக் டெய்லர். அவளுக்கு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டையையும் கறையையும் பார்த்து ஒதுக்க வேண்டும். லைனில் ஒன்பது வீட்டுக்கு ஒரே கக்கூஸ். மகள் ஜோதிகா வளர வளர, சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்று ராமுத்தாய் ஒற்றைக்காலில் நின்றாள்.

2005-இல் ஞாயிறுதோறும் மூவரும் மொபெட்டில் இடம் பார்க்கப் போனார்கள். ஓரிடத்தில் கிணற்றுத் தண்ணீர் சாயத்தில் சிவந்து கிடந்தது. இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை. கடைசியில் ஊத்துக்குளியைத் தாண்டி, மண்பாதையில் உள்ளே தள்ளி எட்டு சென்ட் அமைந்தது. முழுக்கச் சீமைக்கருவேலம். விற்ற மருதாசலம் தறி ஓட்டிய குடும்பத்துக்காரர். மகனோடு டவுனுக்குப் போய் வருடக்கணக்காகிவிட்டது. பத்திரம் முடிந்த அன்று அதிகம் பேசவில்லை.

"நல்ல மண்ணுங்க. சுத்தம் பண்ணிப்போட்டு ஊடு கட்டுங்க" என்றார். போய்விட்டார்.

முதல் ஞாயிறு அரிவாளோடு போனார்கள். உச்சி வெயிலில் ராமுத்தாய் நிமிர்ந்தபோது, புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளுத்த சேலை, நரைத்த தலை. மண்ணைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். "யாரும்மா அது?" என்று கூப்பிட்டதும் எழுந்து முள்ளுக்குள் மறைந்துவிட்டாள்.

"ஆடு மேய்க்கிற பொம்பளையா இருக்கும்" என்றான் மூக்கையா.

ஆடு எதையும் ராமுத்தாய் பார்க்கவில்லை.

அந்த வாரமே ஜேசிபி வந்தது. முள்ளை வேரோடு பிடுங்கி, மேட்டை வழித்து, கல்லையெல்லாம் பாதையோரம் தள்ளி, ஒரே நாளில் நிலத்தைக் களம்போல ஆக்கிவிட்டுப் போனது.

மறு ஞாயிறு வீட்டுக்குக் கடைக்கால் அளவெடுக்கப் போனார்கள். வெட்டவெளியில் அதே பெண் நின்றாள். நாலடி நடப்பாள், நிற்பாள், திரும்புவாள். ராமுத்தாய் விறுவிறுவென்று அவளிடம் நடந்தாள். இந்த முறை அந்தப் பெண் ஓடவில்லை.

"ஏனம்மணி, இங்கொரு கல்லு நட்டிருந்துச்சே, பாத்தியா? முழங்கால் ஒசரம் இருக்கும்."

"என்ன கல்லும்மா?"

"எம்பட புள்ளை கல்லு. அமராவதி. ஆறு வயசுல மஞ்சக்காமாலைல போயிட்டா. இங்கதான் பொதைச்சு வெச்சோம்."

அவள் மருதாசலத்தின் மனைவி கண்ணம்மாள். நிலத்தை விற்றதையே அவர் அவளிடம் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவாளாம். போன ஞாயிறு அரிவாளோடு ஆட்களைக் கண்டு பயந்து போனவள், இன்று வந்தால் கல்லே இல்லை.

பாதையோரக் குவியலைக் கண்ணம்மாளோடு சேர்ந்து புரட்டினார்கள். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருந்தது.

மறுநாள் மூக்கையா போய் மருதாசலத்தை அழைத்து வந்தான். கண்ணம்மாளும் கூட வந்தாள். "ஏன்யா எங்ககிட்ட மறைச்சீக?" என்று கேட்டான்.

"சொன்னா வாங்குவீங்களா சாமி?" என்றார் அவர். தலை நிமிரவே இல்லை.

எலும்பையாவது எடுத்து வேறிடத்தில் வைத்துவிடலாம் என்று முடிவானது. வேலி மூலையிலிருந்த பனைமரத்திலிருந்து பதினெட்டுக் காலடி தள்ளி என்பது மருதாசலத்தின் நினைவு. பனைமரம் எப்போதோ விழுந்து போயிருந்தது. உத்தேசமாக எட்டு வைத்து ஓரிடத்தைக் காட்டினார். மூக்கையா இடுப்பளவு தோண்டினான். செம்மண்தான். "கொஞ்சம் தெக்கயோ என்னவோ" என்றார். அங்கேயும் செம்மண். மூன்றாவது குழியில் கடப்பாரை பாறையில் மோதி ணங்கென்றது. கண்ணம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"போதும் நிறுத்துங்க. எம்புள்ளை மேல பட்டுருமுங்க."

மூன்று குழிகளையும் மூடினார்கள். வீடு திரும்பியதும், நிலத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றான் மூக்கையா.

"வாங்க வர்றவன்கிட்ட இதைச் சொல்லுவியா?" என்று ராமுத்தாய் கேட்டாள். "அப்ப நாமளும் அந்தப் பெரியவரு மாதிரிதான் மறைச்சு விக்கணும்."

அவள் மட்டும் கண்ணம்மாளைத் தேடி டவுனுக்குப் போனாள். கட்டுவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்றாள். கண்ணம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"கட்டு கண்ணு. ஆளில்லாத காட்டுல இத்தனை வருசம் தனியாக் கெடந்தா. வெளக்கெரியற ஊட்டுல இருக்கட்டும். எந்தப் பக்கம் இருக்கறாளோன்னு தெரியாதது நம்ம தலையெழுத்து."

இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. 2007 தையில் குடி போனார்கள். நேரில் போய் அழைத்தும் கண்ணம்மாள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

அந்த வீட்டில் ராமுத்தாய் நடக்கும் சத்தம் கேட்காது. உரலைப் பாதையோரம் போட்டுவிட்டாள். ஜோதிகா கூடத்தில் ஸ்கிப்பிங் ஆடினால் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போவாள். ஏன் என்று மகள் கேட்டால், சிமென்ட் பெயர்ந்துவிடும் என்பாள். கொதிக்கும் கஞ்சியைத் தரையில் சிந்திவிட்டால் பதறிப்போய்ப் பச்சைத்தண்ணீர் ஊற்றுவாள். முதலில் சிரித்த மூக்கையாவும், பாயை விரிக்குமுன் ஒரு நொடி நிற்கப் பழகிக்கொண்டான்.

அடுத்த வருடம் ரேஷன் கார்டு விசாரணைக்கு ஓர் ஆள் வந்தார். வாசலில் நின்றபடியே, "வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

ராமுத்தாய் திரும்பிக் கூடத்துத் தரையைப் பார்த்தாள். அவர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு பேருங்க" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டு மண்பாதையில் இறங்கிப் போனார். உள்ளே அடுப்பில் சோறு பொங்கி வழியும் வாசனை வந்தது. அவள் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்க என்னவோ கூச்சமாக இருந்தது.