ஆக்சிஜன் ரூம் சாவி

ஆட்டோவில் மைக் பிடிக்கிற வேலையில் எழுதிக்கொடுப்பது ஒருத்தர், திட்டு வாங்குவது நாம். ப்ளஸ் டூ லீவில் எனக்குக் கிடைத்த வேலை, பெருந்தொற்று ஒத்திகைக்கு ஊரைக் கூப்பிடுவது. யார் குரல் கேட்டாலும் அப்படியே பேசிக்காட்டுவேன் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். மைக் பிடித்து மானம் போனவர்களே, இது நமக்குள் இருக்கட்டும்.

ஆறடி தள்ளி

ஐயம்பேட்டையில் நியூஸ் வாசிப்பவர் மாதிரி முழங்கினேன்: "ஆறடி தள்ளி அமர்ந்து பணிபுரியுங்கள்!" அங்கே ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தறியில் கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார்கள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றால், நூல் சுற்றிய நாடாவை ஒருத்தர் தள்ள, பக்கத்தில் இருப்பவர் வாங்கியே ஆகவேண்டும். எழுதிக்கொடுத்த மகான் தறியைக் கண்ணால் பார்த்திருப்பாரா? அந்த அக்கா எட்டிப் பார்த்துக் கத்தினார்: "தள்ளி உக்காந்தா நாடாவ யாருபா வாங்குவாங்க, உன் மைக்கா?"

பூட்டு

என் அம்மாவுக்கு வீசிங். போன தொற்றில் மூச்சு முட்டி, செவிலிமேட்டிலிருந்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்சிஜன் மெஷின் இருந்த ரூம் பூட்டிக்கிடந்தது, சாவிக்காரர் லீவு. வராந்தாவில் தவித்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒத்திகைக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். அதே ரூம், அதே பூட்டு. ஏன் இன்னும் பூட்டியிருக்கிறது என்று கேட்டேன். சாவிக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "தொறந்து வெச்சா தூசி படியும் தம்பி. நோய் வரட்டும், தொறந்துக்கலாம்."

ஒத்திகை

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் பந்தல், சால்வை, பேச்சு. "எல்லாம் தயார். என்ன, புரியுதா?" என்று கரகரத்துவிட்டு அதிகாரி இட்லி சாப்பிட உட்கார்ந்தார். நான் பந்தலுக்குப் பின்னால் போய் மைக்கை எடுத்து, அதே கரகரப்பில் விட்டேன்: "ஆக்சிஜன் ரூமை உடனே தொறக்கணும். என்ன, புரியுதா?"

சாவிக்காரர் விழுந்தடித்து ஓடினார். கதவு திறந்தது. ஊரே பார்த்தது. மெஷின் வந்த அன்றைக்குச் சுற்றியிருந்த பாலிதீனைக்கூடப் பிரிக்கவில்லை. மேலே பழைய வரவேற்பு பேனர்கள். ஒயரைச் செருகச் சுவரில் பிளக் பாயிண்டே இல்லை. கூட்டத்திலிருந்து வந்த அம்மா அந்தப் பாலிதீனைத் தொட்டுப் பார்த்தாள். அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்: "அது கிடக்கட்டும்யா, என் குரல்ல பேசுனவன் எவன்?"

குரல் திருடனைப் பிடிக்க அன்றைக்கே குழு போட்டுவிட்டார்கள். அந்தச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் போடத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம்.