விருந்துக்கு வந்த பச்சைப் பாட்டில்

அந்தப் பச்சைப் பாட்டிலை டீச்சர் வீட்டு மேசையில் எடுத்து வைத்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து மேசை விரிப்பில் பச்சையாக விழுந்தது. பொட்டு அழுக்கு இல்லை. சும்மாவா, நாலு நாள் வேலை! வினிகரில் ஊறப்போட்டு, பச்சரிசியை உள்ளே போட்டுக் குலுக்கி, தேங்காய் நாரால் தேய் தேயென்று தேய்த்து, கடைசியில் பழைய வேட்டித் துணியால் துடைத்திருந்தேன். “பாருங்க, எப்படி மின்னுது!” என்றேன். எல்லாரும் பாட்டிலின் சொந்தக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம், மலைமேல் அட்டுவம்பட்டியில் இருந்த டீச்சர் வீட்டில் நாங்கள் ஒன்பது பேர் கூடுவோம். பழைய கண்ணாடிச் சாமான் சேர்ப்பவர்களின் சங்கம் அது. வெள்ளைக்காரர் பங்களாக்களின் குப்பைக்குழியில் புதைந்து கிடந்த மைப் புட்டி, மருந்து பாட்டில், விளக்குச் சிமினி என்று ஆளுக்கொரு பைத்தியம். பழைய பேப்பர்க்காரர் ஒருவர் கேள்விப்பட்டு, தராசோடு வந்து வாசலில் நின்ற கதையும் உண்டு. என்னிடம் இருந்தது ஒரே ஒரு நீலக் குப்பி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுக் கப்பலேறிய அன்று என் அம்மா தைலம் ஊற்றி மடியில் கட்டி எடுத்துவந்தது. அதைப் பார்த்துத்தான் டீச்சர் என்னைச் சேர்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகளையும் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு, எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்து ‘இன்னும் காணோமே’ என்று வாசலைப் பார்க்கும் இடம் அது ஒன்றுதான் இருந்தது.

சங்கத்தில் ஒரு வழக்கம். கலைந்து போகும்போது ஒருவருடைய பொருள் இன்னொருவர் வீட்டுக்கு ஒரு மாதம் விருந்துக்குப் போகும். திரும்பக் கொண்டுவரும்போது, அதை எங்கே வைத்தோம், யார் வந்து பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று கதை சொல்ல வேண்டும். அப்படித்தான் கம்பவுண்டருடைய பச்சைப் பாட்டில் என் வீட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் நூலில் ஒரு சீட்டுக் கட்டி, அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில் விவரம் எழுதி வைப்பார். அந்தப் பாட்டில் பேத்துப்பாறையில் கேரட் தோட்டம் கொத்தும்போது கிடைத்தது. வெகுகாலம் மண்ணுக்குள் கிடந்ததில் அதன்மேல் ஒரு படலம் ஏறி, ஊதாவும் பொன்னும் நீலமுமாக நிறம் மாறிக்கொண்டே இருக்கும். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மழைத் தண்ணீர்மேல் மிதக்கும் டீசல் மாதிரி. சேர்ப்பவர்களுக்கு அந்தப் படலம்தான் உயிர். நானோ ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறைச் சுத்தம் பார்க்கும் சூப்பர்வைசர். கண்ணாடியில் விரல் தடம் இல்லாமல் பார்ப்பதே இருபது வருஷமாக என் சோலி. சங்கத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு அது எண்ணெய்ப் பிசுக்காகத்தான் தெரிந்தது.

“என்னம்மா பண்ணிட்ட? அந்தக் கலருக்குத்தானே அதை வச்சிருந்தார்” என்று டீச்சர் என் காதோரம் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. கம்பவுண்டர் பாட்டிலை எடுத்து ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கேட் பக்கம் முதுகைக் காட்டி நின்று மப்ளரால் முகத்தைத் துடைப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அம்மாவின் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வாசலுக்கு வந்தால், எதிரே அவர்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“மன்னிச்சிருங்க. இனிமே நான் வரலைங்க. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது.”

“எனக்கு வலிக்குது. இல்லைன்னு சொல்லலை. நீங்க வீட்ல ஒக்காந்துட்டா அந்தக் கலரு திரும்ப வந்துருமா? உள்ள வாங்க, டீ ஆறிக் கெடக்கு.”

போய் உட்கார்ந்தேன். கலையும் நேரத்தில் கம்பவுண்டர் தன் பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய இன்னொரு பாட்டிலை எடுத்தார். கட்டைவிரல் அளவு, அதே படலம், அதே நிறம். அவரிடம் அப்படி இருந்ததில் மிச்சம் அது ஒன்றுதான். ஒரு சீட்டில் ஏதோ எழுதி அதன் கழுத்தில் கட்டி, என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி வைத்தார். “இந்த மாசமும் விருந்து உங்க வீட்லதாங்க.” சீட்டைப் படித்தேன். ‘தேய்க்கக் கூடாது.’ எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு! பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே வைத்து, தினமும் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். தூசியைக்கூட ஊதவில்லை. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தபோது சீட்டை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். வெறுமனே மன்னித்து விட்டிருந்தால் அன்றோடு நான் போயிருப்பேன். அவர் மறுபடியும் என் கையில் கொடுத்தார் பாருங்கள், அதனால்தான் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எனக்குக் கிடைத்தன. அந்த மனுஷருக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தீராது.

போன மார்கழியில் கம்பவுண்டர் காலமானார். பச்சைப் பாட்டிலை என்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். அவருடைய மகள் கொண்டுவந்தார். “மறுபடியும் அந்தக் கலரு வருமாங்க?” என்று நான் முன்பு ஒருமுறை கம்பவுண்டரிடம் கேட்டதற்கு, “மண்ணுல போட்டு வச்சா வரும். பாக்கத்தான் நாம இருக்க மாட்டோம்” என்று சிரித்திருந்தார். இரண்டாவது ஞாயிறு சங்கம் மொத்தமும் என் வீட்டுக்கு வந்தது. தூறலில் எட்டுப் பேரும் நின்றிருக்க, பேரிக்காய் மரத்தடியில் ஒரு முழம் தோண்டி, பாட்டிலைப் படுக்க வைத்து மண்ணைத் தள்ளினோம்.

என்றைக்கோ யாரோ அங்கே தோண்டுவார்கள். நிறம் ஏறியிருக்கும். தோண்டியவருக்கும் என்னைப் போலக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுத்து உள்ளே பார்த்தால் போதும். கம்பவுண்டரின் சீட்டைப் பாட்டிலுக்குள் போட்டு, தக்கை அடைத்து, மெழுகு ஊற்றித்தான் புதைத்திருக்கிறேன்: தேய்க்கக் கூடாது.