ஆல்பத்தில் குழி இல்லாத ரூபாய்

வெள்ளிக் கடையில் தராசுக்குப் பின்னால் உட்காருகிறவனுக்கு இரண்டு தொல்லைகள்: ஒன்று காற்று, மற்றது ஆசை. காற்றைத் தடுக்கத் தராசைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி உண்டு. ஆசைக்குப் பெட்டி செய்யும் தச்சன் காஞ்சிபுரத்தில் இன்னும் பிறக்கவில்லை. தராசு பிடித்தவர்களே, படி அளந்தவர்களே, கஜக்கோல் வைத்துத் துணி கிழித்தவர்களே, சரியாக அளந்து கொடுத்ததற்காகவே திட்டு வாங்கியவர்கள் நீங்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அறுபதுகளின் நடுவில் தொடங்கிப் பதினோரு வருஷம் ராஜ வீதியில் ஒரு வெள்ளிக் கடையில் எடை போட்டேன். ஜனங்கள் விற்கக் கொண்டுவரும் பழைய வெள்ளைக்கார ரூபாய்களை எடைக்கு வாங்குவோம். பெரும்பாலானவை உருகிக் கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறிவிடும். எந்தத் தலை போட்ட ரூபாய் எத்தனை வந்தது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எண்ணாத நாளில் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அம்மன் முகம்

திருப்புட்குழியிலிருந்து அஞ்சலை என்ற நெசவுக்கார அம்மாள் இரண்டு ராஜா ரூபாய் விற்க வந்தாள். என் தட்டில் ஒரு விக்டோரியா ராணி ரூபாய் கிடந்தது. தலையில் கிரீடம், கழுத்தில் மாலை, பூப்போட்ட உடுப்பு. அஞ்சலை அதைப் பார்த்ததும், "ஐயோ, என் தாயே காமாட்சி!" என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் லண்டன் ராணி என்று முதலாளி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்தார், ரூபாயை அதன்மேல் வைத்தார், குங்குமம் இட்டார். தன் இரண்டு ராஜாவையும் கொடுத்துவிட்டு அந்த ஒரு ராணியை வாங்கிக்கொண்டு அவள் புறப்பட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தோலா என்பதே ஒரு ரூபாயின் எடைதான். அவளுடைய ராஜாக்கள் இரண்டும் முழுத் தோலா. இந்த ராணியோ யார் வீட்டிலோ வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்ததில் இரண்டு குன்றிமணி எடை குறைந்து போனவள். இரண்டு நிறையைக் கொடுத்து ஒரு குறையை வாங்குவதா? கூச்சத்தை விட்டு, "எடை குறைச்சல்மா" என்றேன். அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மனையே தராசுல வைக்கிறியேப்பா, உன் கை விளங்குமா?"

மொட்டை ராஜா

ஆறு மாதத்தில் ஊர் முழுக்க அதற்கு 'அம்மன் ரூபாய்' என்று பெயர் விழுந்துவிட்டது. புதுப் பாவு போடும்போது தறியடியில் வைக்கிறார்கள், அரிசிப் பானையில் வைக்கிறார்கள், பெண்ணைப் புக்ககம் அனுப்பும்போது முந்தானையில் முடிகிறார்கள். சரி, அபூர்வம் என்றால் விலை ஏறட்டும். என் நோட்டு என்ன சொல்கிறது? கைக்கு வரும் பத்து ரூபாயில் நாலு ராணியாகவே இருக்கிறது. அந்த அம்மாள் அத்தனை காலம் ஆண்டிருக்கிறார், அத்தனை ரூபாய் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அவருக்குப் பின் வந்த பிள்ளை ஆண்டது சில வருஷம். காசில் அவருக்குக் கிரீடம் கிடையாது, வெறும் வழுக்கைத் தலை. அதனால் அவர் மொட்டை ராஜா. அவருடைய ரூபாய் ராணியில் பாதிகூட வராது. நியாயப்படி யார் விலை ஏற வேண்டும்?

மொட்டை போடுவதற்கென்றே பஸ் பிடித்துத் திருப்பதி போகிற ஊர் இது. ஆனால் காசில் மொட்டை ஆகாதாம். பெண் கல்யாணத்துக்கு வெள்ளி ரூபாய் வாங்க வந்த ஒரு நெசவாளி, நான் எடுத்து வைத்த புத்தம் புதிது போன்ற மொட்டை ராஜாவை விரல் நுனியால் தள்ளிவிட்டார். எடை முழுசு, தேய்மானம் துளியும் இல்லை என்றேன்.

"நல்ல காரியத்துக்கு மொட்டையத் தூக்கிக் குடுக்கிறியே, எங்க வூட்ல தறி ஓடணுமா வாணாமா?"

இரட்டைப் புள்ளி

பஸ் ஸ்டாண்டு அருகே தகரப் பட்டறை வைத்திருந்தார் காதர் பாய். ஓட்டைக் குடத்துக்குப் பற்று வைப்பார், மண்ணெண்ணெய் டின்னுக்கு மூடி போடுவார். ஒரு நாள் ஐந்து மொட்டை ராஜா கொண்டுவந்தார். அவர் மகள் தையல் கற்றிருந்தாள். பட்டுப் புடவைக்கு ரவிக்கை தைக்க ஊரில் வேலைக்குக் குறைவில்லை, மெஷின்தான் இல்லை. வாலாஜாபாத்தில் ஒருவர் பழைய மெஷின் இரண்டு விற்கிறாராம். ஐந்து ரூபாயையும் எடைக்குப் போட்டு, சேர்த்து வைத்ததையும் கூட்டினால், கையால் சுற்றுகிற மெஷினுக்குச் சரியாக இருக்கும். காலால் மிதிக்கிற மெஷினுக்குப் பற்றாது.

ஐந்தையும் புரட்டினேன். ஒன்றில் வருஷ எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளி. என் நோட்டில் அதுவரை மொட்டை ராஜா நாலாயிரத்து அறுநூற்றுப் பதினேழு. இரட்டைப் புள்ளி இதோடு மூன்றுதான். முதல் இரண்டையும் நானே உருக்க அனுப்பிவிட்டுப் பிறகு வயிறு எரிந்தவன். வாடிக்கையாளரிடம் வாய் திறக்காத நான் அன்று திறந்தேன். "பாய், இதை எடைக்குப் போடாதீங்க. மதராஸிலேருந்து காசு சேர்க்கிறவர் ஒருத்தர் மாசா மாசம் வருவார். மூணு பங்கு விலை குடுப்பார்" என்றேன். பாய் நாலை விற்று, ஐந்தாவதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். கால் மெஷினுக்கே முன்பணம் கொடுத்துவிட்டார். குறித்த வெள்ளிக்கிழமைக்குள் மீதியைக் கட்டி எடுக்காவிட்டால் முன்பணம் போச்சு, இரண்டு மெஷினும் போச்சு. கொடுக்கும் முன்பே ஒருமுறை யோசியுங்கள் என்று நானே சொல்லியிருந்தேன்.

"எண்ணிப் பேசுற மனுசன் நீங்க, அண்ணே. உங்க வாயில வந்தா கவர்மெண்ட் முத்திரை மாதிரி."

கண்ணாடிக்காரர்

மதராஸ்காரர் தடித்த கண்ணாடி போட்டவர். அட்டையில் வட்ட வட்டமாகக் குழி வெட்டிய ஆல்பம் ஒன்று கொண்டுவருவார். ஒவ்வொரு குழிக்கும் கீழே ராஜா பெயரும் வருஷமும் அச்சிட்டிருக்கும். எந்தக் குழி காலியோ அந்தக் காசை வாங்கிப் பதிப்பார். அந்த முறை ஆறு ராணி ரூபாய் பொறுக்கினார். நாங்கள் கூடை கூடையாக உருக்குகிற அதே ராணிதான், வருஷம் மட்டும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்பு விலை, பேரம்கூட இல்லை.

பாயிடம் வாங்கி வைத்திருந்த இரட்டைப் புள்ளியை எடுத்து வைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்து, "ஆமா, ரெண்டு புள்ளி. நான் பார்த்ததே இல்ல" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த நொடி அதைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். நோட்டைப் பிரித்து நாலாயிரத்து அறுநூற்றுப் பதினேழையும் காட்டினேன். கெட்ட மனிதர் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் ஆத்திரம்.

"பெரியவரே, நூறு பேர் தேடுற காசு ஆயிரம் இருந்தாலும் விலை ஏறும், யாருமே தேடாத காசு ஒண்ணே ஒண்ணு இருந்தா யாருக்கு என்ன? என் ஆல்பத்துல இதுக்குக் குழியே இல்ல."

ரெண்டு பொட்டு

புதன்கிழமை பாய் வந்தார். இன்னும் இரண்டு நாள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் மனைவியின் வெள்ளிக் கிண்ணத்தைப் போட்டு மீதியைத் தருகிறேன் என்றேன். பாய் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, உருக்குகிற எத்திராஜுலு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். எழுத்து வாசனையே இல்லாதவன், வாய் மட்டும் நீளம். ரூபாயைப் பிடுங்கிப் பார்த்தான். "இன்னா நைனா, மொட்டைக்கு ரெண்டு பொட்டு வச்சிக்கினு அழுவுறீங்க? இது ரெட்டைப் பிள்ளை ரூபாய் ஆச்சே! இடுப்புல முடிஞ்சா ஒண்ணு கேட்டவளுக்கு ரெண்டு பொறக்கும்!" என்று கடை அதிரக் கத்தினான். என்னைக் கேலி செய்யத்தான்.

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்துவிட்டார். அவர் மருமகள் வந்து ஆறு வருஷம், பிள்ளை இல்லை. ஊரில் அவர் விளக்குப் போடாத கோயில் இல்லை. ரூபாயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பாய், மெய்யா?" பாய் பதறி, "அது ரெண்டு புள்ளி முதலாளி, அதுக்கு மேல நமக்குத் தெரியாது" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார். "பெருமாளு, நீ பொய் சொல்ல மாட்டே. சொல்லு." தராசு முன்னால் நான் பொய் சொன்னதில்லை. "பதினோரு வருஷத்துல மூணுதான் பார்த்திருக்கேன் முதலாளி. அவன் சொல்ற மத்தது பொய்" என்றேன். பாதியைத்தான் கேட்டார். மதராஸ்காரரிடம் செல்லாத அதே நோட்டு, அதே கணக்கு! நாலு பங்கு விலையை எண்ணி பாய் கையில் வைத்தார். பிறகு வெற்றிலை எடுத்தார், மொட்டை ராஜாவுக்குக் குங்குமம் இட்டார். அஞ்சலைக்கு லண்டன் ராணியை அம்மனாக்கி விற்ற அதே கை. எத்திராஜுலுவுக்கே முகம் சுண்டிவிட்டது, மெதுவாக என் காதில் சொன்னான்:

"நைனா, நான் வெளாட்டுக்குச் சொன்னேன்னு இப்ப சொன்னா ரெண்டு பேரும் நம்மள அடிப்பாங்க."

மறுபடியும் அஞ்சலை

வெள்ளிக்கிழமை காலையிலேயே கால் மெஷின் பஸ் கூரையில் ஏறி பாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தெருவில் நடக்கும்போது அது ஓடுகிற சத்தம் கேட்கும். எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், உடம்பு பற்றி எரியவும் செய்யும்.

முதலாளியே நாலு பங்கு கொடுத்த சேதி பரவி, அடுத்த வாரம் தட்டைச் சுற்றிக் கூட்டம். எல்லாருக்கும் இரட்டைப் புள்ளி வேண்டும். எங்கே போவேன்? இருந்த இரண்டை உருக்கியவனே நான். கூட்டத்தில் அஞ்சலையும் இருந்தாள். மகளுக்காம். அம்மன் ரூபாய் இரண்டு தருகிறாளாம், அந்த ஒன்றுக்கு. "அது மொட்டை ராஜாம்மா, நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு நீங்கள்லாம்தானே சொன்னீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"மொட்டையா இருந்தா இன்னாபா, அதான் ரெண்டு பொட்டு வச்சிக்கினு இருக்குதில்ல?"

பதினோரு வருஷம் எண்ணியும் நான் ஏற்ற முடியாத விலையை எத்திராஜுலு ஒரே கத்தலில் ஏற்றினான். அதைக் குறித்து வைக்க இப்போது என் நோட்டில்தான் குழி இல்லை.